நான்காவது இருக்கை

ஜனவரி 19, திங்கள்

பள்ளிப் பனிச்சறுக்கு முகாம், முதல் நாள். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். தமிழ் என்றால் இங்கே யாருக்கும் புரியாது.

மலைக்கு ஏற்றும் லிஃப்டில், வடத்தில் தொங்கியபடி நான்கு நான்கு இருக்கைகள் சேர்ந்து போகும். டீச்சர் என்னை என் வகுப்பு ஸ்வென்யாவோடும் அவளுடைய இரண்டு தோழிகளோடும் ஏற்றினார். பள்ளத்துக்கு மேலே போகும்போது பாதுகாப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு இருக்கையை ஆட்டினார்கள். கத்தினேன். "இன்னொருக்கா கத்து, நல்லாயிருக்கு" என்றாள் ஸ்வென்யா.

டீச்சரிடம் சொல்வதா? சொன்னால் இன்னும் மோசமாகும்.

ஜனவரி 20

லிஃப்டுக்குத் தனியாக வருகிறவர்களுக்கு என்று பக்கத்தில் ஒரு வரிசை இருக்கிறது. எங்கே இடம் காலியோ அங்கே ஒருவரை லிஃப்ட்காரர் அனுப்புவார். யாரோடு என்று நாம் பார்க்கக் கூடாது. அதுதான் அங்கே ஒழுங்கு. காலை முழுவதும் தெரியாத ஆட்களோடு ஏறினேன். யாரும் பேசவில்லை. நிம்மதி.

மத்தியானம் அந்த மூவருக்குப் பக்கத்தில் ஓர் இடம். ஓர் ஆள் வரலாம் என்று லிஃப்ட்காரர் ஒரு விரலைக் காட்டினார். எனக்கு ஏலாது – காலிலிருந்த சப்பாத்தின் பூட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். இருக்கை காலியாகப் போனது. "ஏறாட்டி ஏன் இதில நிக்கிறாய்?" என்றார் பின்னால் நின்ற வயதானவர்.

அம்மா போனில்: "தனிய நிக்காதை. மற்றப் பிள்ளையளோடை சேர்ந்து போ." ஓம் என்றேன்.

ஜனவரி 21

என் கட்டிலுக்குக் கீழே படுக்கும் யூலேக்கும் ஜோடி இல்லை. இன்று எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஆக்கள் குறைவு, இதில கெதியாப் போகலாம், என்ன?" என்று சிரித்தாள்.

மறுபடியும் அந்த மூவர். மறுபடியும் ஒரு விரல். நான் குனிந்தேன். யூலே என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள்.

அவர்களுக்குப் பின்னால் வந்த இருக்கையில் நான். முன்னால் ஆடியது தெரிந்தது. அவள் கத்தியதும் கேட்டது.

விளக்கை அணைத்த பிறகு கீழேயிருந்து கேட்டாள்: "உனக்கு முதலே தெரியுமா?"

நித்திரைபோலக் கிடந்தேன். நான் என்ன செய்துபோட்டன்?

ஜனவரி 22



இன்றும் யூலே எனக்குப் பின்னால். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூவரும் வந்தார்கள். ஒரு விரல். பூட்டு சரியாகத்தான் இருந்தது. இந்த முறை குனியாமல் நானே போய் உட்கார்ந்தேன்.

ஆட்டினார்கள். கத்தினேன்.

ஜனவரி 23

திரும்பும் பஸ்ஸில் யூலே பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்திருந்தாள். நான் கடக்கும்போது அதைத் தூக்கி மடியில் வைத்தாள். எங்கள் ஊரான கார்ல்ஸ்ரூஹே வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.