லேடி அகஸ்டாவின் ஆறாவது பிள்ளை

கிங்ஸ்பரி, லண்டன்
7.5.1994

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தங்கை செல்வமலர் எழுதுவது. நானும் இவரும் சுகம். நீங்களும் அண்ணியும் களைப்பில்லாமல் ரொறன்ரோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மாவின் அறையை நான் இன்னும் ஒதுக்கவில்லை. அவவின் மூக்குக் கண்ணாடி தலைமாட்டிலேயே இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்துக்கு நீங்கள் எழுதி ஃபாக்ஸில் அனுப்பியது கிடைத்தது. தேவாரங்கள் சரி. வாழ்க்கை வரலாறும் நன்றாக இருக்கிறது. கடைசிப் பக்கத்து வம்சாவளியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். டெலிபோனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாது.

அதற்கு முதல் என் வேலையிடத்துக் கதை ஒன்று. பொறுத்து வாசியுங்கள்.

நான் வேலை செய்கிற மியூசியம் முந்தி ஒரு பிரபுவின் வீடு. அவருடைய மனைவி லேடி அகஸ்டா நூற்றைம்பது வருஷத்துக்கு முதல் லண்டனில் பெரிய மனுஷி. தமையன் மந்திரி, மச்சான் பிஷப், சின்ன மாமன் இந்தியாவில் தளபதி. அவவின் விருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று கீறி வைத்த படங்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய. முதல் பந்திக்குச் சண்டை பிடிக்கிற எங்கள் சனம் அவவிடம் பாடம் படிக்க வேண்டும். அவவின் கடிதங்களை வாசித்து அட்டையில் தட்டச்சுச் செய்வது என் வேலை. இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுச் சொந்தபந்தம் எனக்கு மனப்பாடம்.

அந்தப் பரம்பரைப் படம் மாடிப்படி ஓரம் தொங்குகிறது. அதில் லேடி அகஸ்டாவுக்குப் பிள்ளைகள் ஐந்து. ஆனால் பிள்ளையில்லாத தன் மச்சாளுக்கு அவ நத்தார்ப் பண்டிகைதோறும் ஒரு சோடி குழந்தைக் கையுறை அனுப்புகிறா. வருஷத்துக்கு வருஷம் அளவு கூடுகிறது. எங்கள் பொறுப்பாளர் மிஸ் பிரிச்சட் அதைத் தானதருமம் என்று எழுதி வைத்திருந்தா. தருமம் செய்கிறவள் பிள்ளையின் விரல் நீளம் கேட்டு எழுதமாட்டாள், இது மச்சாள் கையால் ஒரு பேரப்பிள்ளைக்குப் போனது என்று நான் சொன்னேன். மிஸ் பிரிச்சட் தேவாலயப் பதிவுகளைத் தேடிப் பார்த்தா. ஆறாவதாக ஒரு மகள் இருந்திருக்கிறாள். பியானோ வாத்தியாரைக் கட்டினதற்காகத் தகப்பன் குடும்ப பைபிளில் அவளுடைய பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார். போன மாதம் படத்தை இறக்கி, புதிதாக எழுதக் கொடுத்தாயிற்று.

கையுறையைக் கண்டவுடன் இவளுக்கு எப்படிப் பிடிபட்டது என்று நினைப்பீர்கள். எட்டு வருஷமாக அந்த மச்சாள் செய்த வேலையைத்தான் நானும் செய்தேன், அண்ணை.

எங்கள் சின்னவள் சிவமலர் பாலேந்திராவைக் கட்டினபோது ‘பகுதி வேற’ என்று சாதி பார்த்து அப்பா கதவைச் சாத்தினார். சாகிறதற்கு முதல், அவளுடைய பெயரை வாயால் சொல்வதில்லை என்று நல்லூர்க் கந்தன் மேல் அம்மாவிடம் சத்தியமும் வாங்கினார். அம்மா லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் மாதாமாதம் மிளகாய்த்தூள் வறுத்து இரண்டு போத்தலில் போடுவா. ஒன்று எனக்கு. மற்றதை, “போற இடத்தில குடு” என்பா. நான் சிவமலர் இருக்கிற லூயிஷாமுக்கு ரெயில் ஏறுவேன். பிறகு மூன்றாவதாக ஒரு சின்னப் போத்தல் வந்தது. “இது உறைப்புக் குறைவு, பெடியன் தாங்கமாட்டான்” என்றா. சத்தியத்தையும் காப்பாற்றினா, பிள்ளையையும் கைவிடவில்லை. கடைசிப் போத்தல் இரண்டும் குசினியில் இருக்கின்றன. நான் இன்னும் கொண்டுபோகவில்லை.

செத்தவீட்டில் கடைசி வரிசையில் நனைந்த குடையோடு நின்றவளை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசுகிறீர்கள், மாப்பிள்ளை பகுதி கல்வெட்டைப் புரட்டிப் பார்க்கும் என்று அண்ணி சொன்னா. பார்க்கத்தான் செய்யும். கல்வெட்டைக் கையில் எடுத்துத் தேவாரப் பக்கத்தில் திறந்தவர் எங்கள் சனத்தில் யார்? ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலுமா? எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று என்பது ஊருக்கே தெரியும். இரண்டு என்று அச்சடித்தால் அம்மாவைத்தான் பொய்யாக்குவோம். லேடி அகஸ்டாவின் மகள் படத்துக்குள் வர நூற்றிருபது வருஷம் எடுத்தது. முப்பத்தோராம் நாளுக்கு முதல் எங்களுக்கு இருப்பது மூன்று கிழமை.

ஆகையால் நேற்று நானே அச்சகத்துக்குப் போனேன். மக்கள்: குகதாசன், செல்வமலர், சிவமலர். மருமக்களில் பாலேந்திராவையும் சேர்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் வரிசையில் கடைசியாக ஒரு பெயர் இருக்கிறது, குலசேகரம். ஓம், அப்பாவின் பெயர்தான். அப்பா கண்மூடின அடுத்த வருஷம் பிறந்தவன். கதவைச் சாத்தினவரின் பெயரைத்தான் சிவமலர் பிள்ளைக்கு வைத்தாள். இது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். சிவமலரை எடுக்க வேண்டுமென்றால் என் பெயரையும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கம் முழுக்க உங்களுக்கே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் என்னால் செய்ய ஏலாது. செத்தவீட்டுக்குச் சொல்லாமல் வரலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மூத்தவர் சொன்னால்தான் அவள் வருவாள், அவளும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே, ரோசம் இருக்கும். அவளுடைய டெலிபோன் இலக்கத்தை உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பெடியன் எடுத்தால் பயப்படாதீர்கள், நன்றாகத் தமிழ் கதைப்பான்.

மருமகளின் கலியாணம் நல்லபடி ஒப்பேற நல்லூரானை வேண்டுகிறேன். அம்மாவின் ஆசி உங்களோடு இருக்கும். சிவமலரின் பெயரை ஒருமுறை வாயால் சொல்லிக் கூப்பிடுங்கள், அண்ணை. உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
செல்வமலர்