மணல் காய்ந்துதான் இருந்தது

என் உயிரான மச்சான் சேகரனுக்கு,

நீ போன பிறகு வருகிற முதல் தீபாவளி இது. எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கப் பலகார வாசனை. நம் வீட்டில் மட்டும் உன் தங்கை பார்வதி அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. துக்க வீடு என்று அக்கம்பக்கத்தார் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். நீ இருந்தால் பாதியைத் தின்று தீர்த்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுலா" என்று சொல்லியிருப்பாய்.

இந்த எண்பத்தாறாம் வருஷத்தில் எஸ்டேட்டுக்கு விடிய விடிய கரண்டு வந்துவிட்டது. பழைய கள்ளுக்கடைச் சுவர் அப்படியே நிற்கிறது. ஞாயிறு காலையில் பயல்கள் அங்கே எடை தூக்க வருகிறார்கள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் சைக்கிள் மிதித்து வருகிறார்கள்.

உன் முறையைப் புதியவர்களுக்கு இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு இரும்புக் குழாய், அதன் இரண்டு முனையிலும் மணல் போட்ட பெயிண்ட் வாளி. போன வாரத்து எடையைப் பத்துத் தடவை ஆடாமல் தூக்கிவிட்டால், இந்த வாரம் வாளிக்கு ஒரு பால்டின் மணல் கூடுதல். யார் எத்தனை டின் தூக்கினார்கள் என்பதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். "ஒளிச்சு வச்சுத் தூக்குனா ஒடம்பு வளராதுடா" என்பாய். அதை எந்தப் புத்தகத்தில் படித்தாயோ.

முதல் வருஷம் மழை பிடித்ததும் எல்லோருடைய எண்ணிக்கையும் சரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் அரிசியைக் குறை சொன்னேன். லோரி ஓட்டுகிற கண்ணப்பன், கண் பட்டுவிட்டது என்று குழாயில் எலுமிச்சம்பழம் கட்டினான். நீ வாளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கூரை ஒழுகி மணல் ஊறிக் கனத்துக் கிடந்தது. அப்படியானால் வெயில் காலத்தில் நாங்கள் பலசாலிகள் ஆனதும் மணலின் தயவுதான். அந்தக் கணக்கைக் காட்டித்தான் உன் அப்பாவிடம் நான் பார்வதியைப் பெண் கேட்டிருந்தேன்.

வாளிகளைக் கன்வாஸ் போட்டு மூடினாய். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. யார் தூக்க முடியாமல் கீழே வைத்தாலும், "ஈர மணல்லா" என்று சொல்லிச் சிரிப்போம்.

அப்புறம் உன் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒரு டின், அடுத்த வாரம் இன்னொன்று. உன் பெயருக்கு நேராக நீயே குறைத்து எழுதிவிட்டு, "ஈர மணல்லா மச்சான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். "அண்ணன் இளைச்சுப் போச்சுங்க, என்னான்னு கேளுங்களேன்" என்றாள் பார்வதி. வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவன் இளைக்கத்தான் செய்வான் என்றேன்.

ஒரு ஞாயிறு நீ பாதியில் விட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தாய். உன் வாளிகளை ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தேன். லேசாக வந்துவிட்டன. கன்வாஸை விலக்கிக் கையை விட்டேன். மணல் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரொம்ப நாளாவே காஞ்சுதான்டா கெடக்கு. பார்வதிகிட்ட சொல்லாத" என்றாய்.

சொன்னேன் மச்சான். அன்றைக்கே சொன்னேன். கண்ணப்பன் லோரியில் உன்னை ஏற்றிக்கொண்டு கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ரத்தத்தில் கோளாறு, முற்றிவிட்டது என்றார்கள். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் ஒரு வாளியைக்கூடத் தூக்காதவன், இதை மட்டும் ஏன் தனியாகச் சுமந்தாய்? பயந்துபோயிருந்தாயா? நாங்கள் பயப்படுவோம் என்றா?

போன ஞாயிறு கண்ணப்பனின் எண்ணிக்கை இறங்கியது. "ஈர மணல்லா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிள்ளைகளோடு பத்தாங் காலியில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். அடுப்பு பற்றவைத்தே பல நாள் ஆகியிருந்தது. பார்வதி கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரித்து வைத்தேன். நாலு வாய் தின்றான், பிறகு அழுதான். நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு பத்தாங் காலிக்குப் போகிறேன்.

உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன், மச்சான். இனி அந்தச் சுவரில் யார் எண்ணிக்கை இறங்கினாலும், அன்றைக்கே அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஒன்றுமில்லை என்று உள்ளே இருந்து சொல்லுவான். கதவைத் திறக்கிறவரை நகர மாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான் முருகையா