ஃபிரிட்ஜுக்குப் போட்ட வெயில்

இன்று காலை உம் மொட்டை மாடியிலிருந்து சோலார் பலகைகளை இறக்கினார்கள். என் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நீர் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உம் மகன் வீட்டை விற்றுவிட்டான். வாங்குகிறவருக்குப் பலகைகள் வேண்டாமாம்.

தங்கச்சியின் இன்சுலின் கெட்டுப்போன அந்த ஆடி மாதம் நினைவிருக்கிறதா? காற்றில் வேப்பங்கிளை கம்பியில் விழுந்து வண்ணார்பேட்டை முழுக்கக் கரண்டு இல்லை. உம் மனைவியாக வந்த நாளிலிருந்து எனக்குத் தங்கச்சியான அவள், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். அதன் பிறகுதான் சோலார் போட்டீர். ஃபிரிட்ஜ் வெயிலில் ஓடும். மேகம் மூடினால் மின்வாரியக் கரண்டுக்கு மாற்ற ஒரு திருகு சுவிட்ச். தானாக மாறுகிற கருவியாகப் போடும் என்றேன்.

“மெஷினுக்கு வானத்தப் பாக்கத் தெரியுமா வே?” என்று என் வாயை அடைத்தீர்.

தங்கச்சி கை நீட்டினால், “நீ தொடாத, நான் இருக்கேம்லா” என்பீர். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அந்தச் சுவிட்சைத்தான் காட்டுவீர். “வயசான காலத்துல எதுக்குப்பா இந்தக் கூத்து?” என்று மகன் போனில் சிரித்தான். நீர் கோபப்படவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நீர் போனதும் ஆடிக் காற்றில்தான். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று உம்மை ஐஸ் பெட்டியில் கிடத்தினோம். மத்தியானம் கரண்டு போயிற்று. பெட்டியின் இரைச்சல் நின்றதும் வீடே பதறியது. நான்தான் எழுந்துபோய்ச் சுவிட்சைச் சோலாருக்குத் திருகி, பெட்டியின் வயரையும் ஃபிரிட்ஜ் லைனில் சொருகினேன். ஃபிரிட்ஜையும் பெட்டியையும் சேர்த்து இழுக்க உம் சோலாருக்குத் திராணி இல்லை.

“ஃபிரிட்ஜ் வயரப் பிடுங்குங்க அண்ணாச்சி, அவுகளுக்குப் போடுங்க” என்றாள் தங்கச்சி.

அவள் மருந்துக்கென்று நீர் பிடித்துவைத்த வெயிலை நீரே வாங்கிக்கொண்டு கிடந்தீர். இன்சுலின் மறுபடியும் கெட்டது. அழுகைக்கு நடுவே யாரும் கவனிக்கவில்லை. மகன் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்லவேள, அப்பா சோலார் போட்டிருந்தாங்க” என்றான். சிந்துபூந்துறையில் உம்மை எரித்துவிட்டு ஆற்றில் முங்கி எழுந்த ஈரம் காயுமுன்னே, வீட்டை என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று என்னிடமே விசாரித்தான்.

இன்று சாயங்காலம் தங்கச்சியைக் காரில் ஏற்றினான். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். காலையில் இறக்கின பலகையில் ரெண்டையாவது அங்கே கொண்டுபோய் வையேன் என்றேன்.

“அங்கன எல்லாம் இருக்கும் மாமா.”

“போய்ப் பாத்தியாலே?”

போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

தங்கச்சி மருந்துப் பையை மடியில் வைத்தபடி கார்க் கண்ணாடியை இறக்கினாள். “அங்கன கரண்டு போனா யாருகிட்ட அண்ணாச்சி சொல்லணும்?”

ஒரு சுவிட்சைத் தொட விடாமல் இவளை வைத்திருந்த உம்மை வாய்க்கு வந்தபடி ஏசத் தோன்றியது. ஏசவில்லை. “எனக்கு ஒரு போன் போடு தாயி, உடனே வந்துருதேன்” என்றேன். நெஞ்சைக் கீறி வைத்தியம் பார்த்த பிறகு தெருமுக்குக்குப் போகவே எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். அது தங்கச்சிக்கும் தெரியும். தெரிந்தும் சரி என்று தலையாட்டினாள் வே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.