கேட்ச்சை விட்டது ஜமால் அல்ல

என் ஜமாலுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஸ்கோர் சொல்ல ஆள் இருக்கிறார்களா, தெரியவில்லை. நம் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை மறுபடியும் நமக்குத்தான். நீ இருந்திருந்தால் குதித்திருப்பாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரணம் உன் மகன் ரியாஸ்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். இதை மற்றவர்களும் படிப்பார்கள்.

ரியாஸும் பல வருஷங்களுக்கு முன் அந்த இளையோர் அணியில் ஆடியவன். பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினார்கள். நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. அதனால் அவன் சட்டை முதுகில் 'ஜமால்' என்று வந்தது. ஸ்கோரிலும் ஜமால். பெரிய கடை வீதி முழுக்க நீ சொல்லிச் சிரித்தாய்: "நான் பேட்டே புடிச்சதில்லைங்க, இந்தியாவுக்கு ஆடுறேன்."

பிறகு அந்த வருஷத்து இறுதி ஆட்டம். பந்து உயரே எழும்பியது. ரியாஸ் வெயிலைப் பார்த்து நின்றான். கைக்குள் விழுந்த பந்து நழுவிப் போயிற்று. தப்பித்தவன் கடைசிவரை நின்று எதிரணியை ஜெயிக்க வைத்தான். 'ஜமால் விட்டுவிட்டார்' என்று வர்ணனையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உன் பட்டன் கடையில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் எதிர்க்கடைக்காரர் கேட்டார்: "என்ன பாய், கேட்ச்ச விட்டுட்டீங்களாமே?"

"ஆமாங்க. வெயில் கண்ணுல அடிச்சிருச்சு. வயசாயிருச்சுல்ல."

கேட்ட எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னாய். ரியாஸ் ஊர் வந்து இறங்குவதற்குள் வீதி சிரித்து முடித்திருந்தது. ஸ்கோரில் பெயரைத் திருத்தச் சொல்லி கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "விடு சம்பத்து. அடி எம்பேருல விழட்டும். புள்ள தப்பிச்சிக்கிட்டும்" என்றாய்.

திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுக்கப் பாகங்களை அளந்து சரிபார்த்தவன் நான். தப்பான பெயர் அப்படியே நிற்பது உறுத்தியது. ஆனாலும் நீ சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். இப்போது எனக்குத் தெரியவில்லை.

ரியாஸ் அதற்கு மேலே போகவில்லை. வேறெந்த நாட்டு இளையோர் அணியும் நம் அளவுக்குக் கோப்பை வாங்கியதில்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். தோற்ற வருஷத்துப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று யார் கேட்கிறோம்? ஜீயபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்து, ஒருவழியாக அவன் தலை நிமிர்ந்திருந்தான்.

நீ போன அன்று, உன் மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்பே கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றியது. 'முன்னாள் இந்திய இளையோர் அணி வீரர் ஜமால் காலமானார்.' ஜமால் இறந்தார் என்று மட்டும் கேள்விப்பட்ட யாரோ போட்டது. ரியாஸின் படம், அதைச் சுற்றி மாலை. கீழே அந்தக் கேட்ச் வீடியோ. துக்கம் கேட்க வந்த ஒருவர், வாசலில் நின்றவனைப் பார்த்து, "தம்பி, நீங்க இருக்கீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ரியாஸ் மைதானத்துக்குப் போகவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இப்போதாவது பெயரைத் திருத்த எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. செத்துட்டான்னே இருக்கட்டும்."

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து தினமும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுகிறேன். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் காவிரிப் பாலம் தாண்டிவிடுகிறது. ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழையும்போது, அவன் இருக்கிறானா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்குப் புரியும்.

இந்த இறுதி ஆட்டத்தன்று பட்டன் டப்பாக்கள் மேல் என் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். இது சரிதானா என்று அப்போதும் சந்தேகம்தான். நடுவில் நம் பையன் ஒருவன் கேட்ச்சை விட்டான். கைப்பேசியை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும் மாமா. அவன் பேரு என்னன்னு போட்டிருக்கு?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன்.

"அது அவன் பேரா, அவங்க அப்பா பேரா?"

"தெரியலயேப்பா."

"அப்பா பேரா இருந்தா, அந்த மனுஷன் நாளைக்குக் கடை தெறக்கணுமே."

ஆட்டம் முடிந்ததும் வீதியில் யாரோ வெடி போட்டார்கள். ரியாஸ் சிரிக்கவில்லை. சிதறிக் கிடந்த பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டபடி சொன்னான்: "எழுதுங்க மாமா. அந்தக் கேட்ச்சு என்னுது. அத்தா ரொம்ப நாளா வச்சிருந்துட்டாங்க."

அவ்வளவுதான். மறுநாளும் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அவன் தேறிவிட்டான் என்று உன்னிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீ ஆசையோடு வாங்கிக்கொண்டதை உன் கையிலிருந்து எடுக்கிறேனே, உனக்குச் சம்மதம்தானா?

பதில் வராது. ஆனாலும் எழுதுகிறேன். ஜமால் என்று இருக்கும் இடத்தில் ரியாஸ் என்று வரும்வரை எழுதுவேன். வந்த பிறகும் அந்த ஷட்டருக்குக் கீழே தினமும் குனிந்து பார்ப்பேன். அது முழுசாக மேலே போகிற நாள் வரைக்கும்.

உன் மகனுக்கு மாமனாகிப்போன,
சம்பத்