திம்பம் ஏறிவிட்டேன், நங்கை

கோபம் வந்தாலும் முதலில் கூப்பிடத் தோன்றுகிற என் நங்கைக்கு,

வேறு ஊர்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அண்ணி என்பதை நாங்கள் நங்கை என்போம். நீங்கள் என் அண்ணனின் மனைவி. போன ஐப்பசியில் எங்களை விட்டுப் போனீர்கள். அதற்கு அழ வேண்டியதெல்லாம் அழுதாகிவிட்டது. இப்போது சண்டை போட வந்திருக்கிறேன்.

முதலில் செய்தி. போன வாரம் திம்பம் மலை ஏறிவிட்டேன். பண்ணாரியிலிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில்தான். அதில் ஏழெட்டு வளைவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் நம் இருவருக்கும் சேர்த்துச் சொன்னபோது, "நடந்தா ஊருக்குள்ளயேதான் சுத்தணும் கண்ணு, சைக்கிள் வாங்கிக்கலாம்" என்றது நீங்கள்தான். ஐம்பது தாண்டிய இரண்டு பொம்பளைகள் சுடிதாரும் ஹெல்மெட்டுமாகச் சத்தி ரோட்டில் போவதைப் பார்த்து நம் ஊர் சரவணம்பட்டியே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டோம். திம்பம் ஏறி, புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள்ளே ஆசனூர் வரைக்கும் போய், ஒரு ராத்திரி தங்கித் திரும்ப வேண்டும் என்பது மட்டும் என் ஆசை. நீங்களும் சரி என்றீர்கள்.

மூன்று தடவை கிளம்பினோம். மூன்று தடவையும் மலையடிவாரத்தைக்கூடத் தொடவில்லை. ஏன்? சோறு! சோற்றால் கெட்டது நங்கை நம் பயணம்!

விடியும்போதே கிளம்பினால் பத்து மணிக்குப் பண்ணாரி. வெயில் ஏறுவதற்குள் பாதி மலை. எத்தனை தடவை கணக்குப் போட்டுக் காட்டினேன்? நீங்களோ முதல் நாளே போனைப் போட்டு வழியில் இருக்கிற உங்கள் பிறந்த வீட்டு ஆட்களுக்கெல்லாம் சொல்லிவைத்துவிடுவீர்கள். அன்னூரில் உங்கள் சித்தி வீடு. இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தயாராக இருக்கும். அங்கே ஒரு மணி நேரம். அப்புறம் புளியம்பட்டியில் உங்கள் தங்கச்சி சரசு வீடு. "கை நனைக்காமப் போனா எப்படிங்க அம்மணி" என்று அவள் அப்போதுதான் அரிசியும் பருப்பும் களைய ஆரம்பிப்பாள். நீங்கள் "அஞ்சே நிமிசம் கண்ணு" என்று உள்ளே போவீர்கள். அந்த அஞ்சு நிமிஷம் நாலு மணி நேரம் ஆகும். சத்தியமங்கலம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிடும். யானை குறுக்கே வருகிற காட்டில் பொழுது சாயப் போகும்போது ஏறுவது மடத்தனம். சரக்கு ஆட்டோ பிடித்து, சைக்கிளைக் கட்டிக்கொண்டு, வயிறு நிறையச் சோற்றோடு வீடு திரும்புவோம்.

எனக்கு எப்படி எரியும் தெரியுமா? சரசு வீட்டு முன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து வாட்சைப் பார்ப்பேன். பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியுமா? அவர்கள் உங்கள் பக்கத்துச் சொந்தம். நான் முகத்தைச் சுளித்தால் "அவ நாத்தனாளுக்கு எத்தனை திமிரு பாரு" என்று உங்களுக்குத்தான் தலைகுனிவு. அதனால் "பரவாயில்லீங்க, மெதுவாப் போலாமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மூன்று தடவையும் சொன்னேன்.

இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாகக் கிளம்பினேன். அன்னூரைக் குனிந்த தலை நிமிராமல் கடந்தேன். புளியம்பட்டியில் கடைவீதி தாண்டினால் தப்பித்தேன் என்று மிதிக்கிறேன், பேக்கரி வாசலில் சரசு! "ஏனுங்க அம்மணி! ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். காது கேட்காதவள் மாதிரி இன்னும் வேகமாக மிதித்தேன். வெட்கம்தான். என்ன செய்ய?

உங்கள் தங்கச்சி விடுவாளா? பன்னு பாக்கெட்டைத் தூக்கி ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் துரத்தி வந்து, ஒரு புளியமரத்தடியில் எனக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"எங்க ஊட்டைத் தாண்டி ஓடற அளவுக்கு நாங்க என்னங்க பண்ணிப்போட்டோம்? அக்கா போயிட்டா எங்க உறவும் போச்சுங்களா?" கண்ணில் தண்ணீர் வேறு.

எத்தனை நாள் அடக்கியதோ, நடுரோட்டில் வெடித்துவிட்டேன். "உங்க ஊட்டுச் சாப்பாட்டுலதானுங்க எங்க பயணமே நாசமாப் போச்சு! ஒருக்கா, ஒரே ஒருக்கா எங்களைச் சும்மா போக உட்டிருந்தா நங்கை அந்த மலையைப் பாத்திருப்பாங்க!"

சரசு ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காளுக்கு முடியலீங்க அம்மணி. அன்னூர் வரதுக்குள்ளயே நெஞ்சை அடைக்குதும்பா. எங்க ஊட்டுக்கு வந்ததும் உள்ரூமுக் கட்டில்ல சாஞ்சுக்குவா. அவ எந்திரிக்கிற வரைக்கும் நேரத்தை ஓட்டத்தானுங்க நான் சமையலை மெதுவா ஆரம்பிக்கறது. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா."

"ஏனுங்க? எதுக்குங்க?" என்றேன்.

"தனக்கு முடியலைன்னு சொன்னா நீங்களும் போமாட்டீங்க, அந்த மலை மேல உங்களுக்கு அத்தனை ஆசைன்னா. வாயுத் தொந்தரவுதான், பழகப் பழகச் செரியாப் போயிரும்னு அவளும் நெனச்சுட்டா."

வாயுத் தொந்தரவு! இதய வால்வு நங்கை அது! மூன்றாவது பயணம் முடிந்து நாலு மாதம் கழித்து நீங்கள் மயங்கி விழுந்த பிறகுதானே ஆஸ்பத்திரிக்குப் போனோம்? முதல் தடவையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருஷம் முன்னாடியே போயிருப்போமே. மலையாவது மண்ணாங்கட்டியாவது. இரண்டு சைக்கிளையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பேனே. என்னை யார் என்று நினைத்தீர்கள்?

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலில் அத்தனை ஆத்திரம் இருந்தது. சரசு கையில் திணித்த பன்னை வாங்கிக்கொண்டு மிதித்தேன். பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று தெரியவில்லை, திட்டியிருப்பேன்.

மலையைப் பற்றிச் சொல்லவா? அழகு என்று சொல்ல மனசு வரவில்லை. லாரிகள் முனகிக்கொண்டு ஏறுகின்றன. அவை விடுகிற புகை எல்லாம் நம் மூக்குக்குத்தான். ஒவ்வொரு வளைவிலும் குரங்குகள் உட்கார்ந்து என் பையையே பார்த்தன. பன்னிரண்டாவது வளைவில் ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி, "அம்மா, பஸ்ஸு கெடைக்கலீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையும் திட்டியிருப்பேன், மூச்சு இல்லை.

ஆமாம், மூச்சு இல்லை. வால்வு நன்றாக இருக்கிற எனக்கே நெஞ்சு அடைத்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான், அன்னூருக்கு முன்னாலேயே நீங்கள் பட்ட பாடு என்ன என்று கொஞ்சம் புரிந்தது. பின்னால் வந்த நீங்கள் அந்தத் திணறலோடு "நீ முன்னால போ கண்ணு, நான் வந்துட்டே இருக்கறேன்" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? நானும் திரும்பிப் பார்க்காமல் போனேன் அல்லவா?

திம்பத்தில் மூடுபனி. கீழே ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இத்தனை பாடு என்று சத்தமாகவே கேட்டேன். அதற்கப்புறம் ஆசனூர் வரைக்கும் காடு. மூங்கில் புதர்கள், ரோட்டில் ஈரம் காயாத யானை லத்தி, ஒரு ஓரத்தில் புள்ளிமான் கூட்டம். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். ஒன்றையும் "அங்க பாருங்க நங்கை" என்று காட்ட ஆள் இல்லை.

மறுநாள் இறங்கும்போது சரசு வீட்டில் நிறுத்திச் சாப்பிட்டேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். பிறகு அந்த உள்ரூமைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு கட்டில், மேலே பவானி ஜமுக்காளம். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஆறேழு அடிதான் நங்கை. மூன்று தடவையில் ஒரு தடவைகூட நான் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் வீட்டில் உள்ரூம் வரைக்கும் போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறேன்.

நீங்கள் மரியாதைக்குச் சொல்லவில்லை. நான் மரியாதைக்குக் கேட்கவில்லை. நல்ல மரியாதை கற்றோம் நாம் இரண்டு பேரும்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஞாயிறுதோறும் குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று ஹாலில் நின்று கேட்பேன். "எனக்கென்ன கண்ணு" என்பார். டப்பாவை வைத்துவிட்டு வந்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்ப மாடிப்படி இறங்கினார். பாதியில் நின்றார். நான் திரும்பிப் பார்த்ததும் குனிந்து, "செருப்பு வார் அவுந்துபோச்சு, நீ போ கண்ணு" என்றார். நானும் வந்துவிட்டேன்.

அவர் போடுவது ரப்பர் செருப்பு நங்கை, அதில் அவிழ்கிற வாரே கிடையாது. இன்று மத்தியானம்தான் அது என் புத்தியில் உறைத்தது.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குக் காலையில் போகிறேன். "எனக்கென்ன" என்றால் விடமாட்டேன். சத்தம் போடுவேன், கையைப் பிடித்து இழுப்பேன், டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மரியாதை தெரியாதவள் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

கோபம் தீராத உங்கள் நாத்தனார்,
வசந்தாமணி