பையில் இன்று எவ்வளவு

மார்ச் 4, செவ்வாய்

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. பித்தப்பை வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது. வயது எண்பத்து மூன்று, இதயமும் பலவீனம். மயக்க மருந்தே தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். விலா ஓரமாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, வெளியே ஒரு பையில் வடிய வைத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க வீடு வீடாகத் தண்ணீர்க் குழாய் பொருத்திய மனுஷர். “கடைசியில எனக்கே குழாய் போட்டுட்டாங்க பாத்தியா” என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் என் பொறுப்பில். பையை அளந்து தாளில் எழுத வேண்டும். குழாய் அடைக்காமலிருக்க தினமும் ஊசியால் அதற்குள் ஐந்து மில்லி உப்புநீர் ஏற்றி டிக் போட வேண்டும்.

மார்ச் 5

220 மில்லி. ஊசியை அழுத்தியதும் மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாயே திறக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 6

210. ஏற்றவில்லை. ஏற்றியதாக டிக் போட்டேன். ஒரு நாள்தானே?

மார்ச் 9

130. இன்றும் வெறும் டிக்.

மார்ச் 11

நாற்பதுதான்! சீழ் வற்றுகிறது. வேலையிலிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். மாமா மட்டும் பையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். “இப்படித் திடீர்னு நின்னா நல்லதில்லம்மா. எங்கயோ அடைச்சிருக்கு.” இதென்ன சமையலறைக் குழாயா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 12

பையில் ஒன்றுமில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு, உடம்பு தூக்கிப் போடுகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன் — அவருக்கு வலிக்குதேன்னா விட்டேன்? இல்ல, எனக்குப் பாக்க முடியலயேன்னா?

மார்ச் 13

குழாய் அடைத்துச் சீழ் மறுபடி தேங்கிவிட்டதாம். வேறு குழாய் மாற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது. டாக்டர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் உப்புநீர் ஏற்றினீர்களா என்றார். மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நான்தான் அவ கையத் தட்டி விட்டேன். அவளக் கேக்காதீங்க.”

ஒரு தரம்கூட அவர் தட்டிவிட்டதில்லை. டாக்டர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடி, அந்த டிக்கெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். புதுத் தாள் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்.

மார்ச் 21

பிழைத்துக்கொண்டார். பாதி ஆளாக வீடு வந்திருக்கிறார். இந்தக் குழாயை இனி எடுக்கப்போவதில்லையாம்.

மார்ச் 22

ஊசியை எடுத்ததும், கம்பியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மெதுவாத் தள்ளு. ஆனா நிறுத்தாத.”

நிறுத்தவில்லை. 190 மில்லி.