அப்பா வரும் காட்சி

போனை எடுக்காத என் வீட்டுக்காரருக்கு,

பாட்டு ரெக்கார்டிங்கை விட்டு சினிமா எடிட்டிங்குக்குப் போயும் உங்களுக்குக் காது மட்டும்தானா, கண் கிடையாதா? என் அப்பா நடித்த ஒரே ஷாட்டில் அவர் முகத்தை வெட்டிவிட்டு, குரலை மட்டும் கடல் காட்சியின்மேல் ஓடவிட்டிருக்கிறீர்கள்!

தூத்துக்குடி தியேட்டரில் அந்தக் குரலைக் கேட்டு நம் தெருவே கைதட்டியது. சங்கு குளித்துக் குளித்துக் காது போன மனிதர், எதற்கென்று தெரியாமல் தானும் தட்டினார். பிறகு தன் முகம் வரும் என்று கடைசிவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "ஏளா, நான் வார நேரம் பாத்து கண்ணசந்துட்டேன் போல. நாளைக்கும் கூட்டிட்டுப் போ" என்கிறார்.

உங்கள் எடிட்டிங் நியாயத்தை நீங்களே வந்து அவருக்குச் சைகையில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாளையும் அவர் பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவள்